நாலு தேசிக்காயும் ரேஸ் எஞ்சினும்

என்ர மனுசனிட்ட ஒரு பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. மற்றவை எண்டால் துடைச்சு வைச்சுப் பார்த்துக்கொண்டிருப்பினம். இவருக்கு அதின்ர வேகம் காணாதாம். வெள்ளவத்தையில எங்கட லேனால காலி வீதிக்கு ஏறவே பத்து நிமிசம் வேணும். அங்க போய்த்தான் இவருக்கு வேகம் காணாது. ஒரு வருசமா எஞ்சினைக் கழட்டிப் போட்டு, பெரிய காபரேட்டர் ரெண்டு, புது கேம்ஷாஃப்ட், ரேஸ் சைலன்சர் எல்லாம் இத்தாலியில இருந்து எடுப்பிச்சுப் பூட்டினார்.

பூட்டி முடிய, கார்ப் பூசைக்கு ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போனம். முன்னால போன த்ரீவீலைக் கடைசிவரைக்கும் முந்த ஏலேல்லை. வாசலில எஞ்சினை நிப்பாட்டினார். ஐயர் கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்குக் கீழயும் தேசிக்காய் வைச்சு, "இனி எடுங்கோ" எண்டார்.

இவர் சாவியைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். சூடேறின எஞ்சின் இருமிச்சுதே தவிர ஸ்டார்ட் ஆகேல்லை.

"ரேஸ் எஞ்சின் எண்டால் அப்படித்தான்" எண்டார், பெருமையா.

கடைசியில ஐயரும், பக்கத்துப் பூக்கடைக்காரரும், சீலையைச் சொருகிக்கொண்டு நானும் பின்னால நிண்டு தள்ளினம். தேசிக்காய் நாலும் நசிஞ்சுது; எஞ்சின் அப்பவும் ஸ்டார்ட் ஆகேல்லை.

உள்ளுக்கிருந்து இவர் தலையை நீட்டிக் கேட்டார்: "என்ன, முந்தியைவிட இழுவை கூடத்தானே?"