மூன்றாவது மொழிக்கு அனுமதி

கேகாலையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எனக்குக் கணினிப் பிரிவில் வேலை. பிரிவு என்றால் நான் ஒருத்தன்தான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் நான், மின்விசிறி கிறீச்சிட்டாலும் நான். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் விண்ணப்பம் எல்லாம் இணையத்தளம் வழியாக மட்டும்தான், கையால் எழுதிக் கொண்டுவந்தால் வாங்கக் கூடாது என்று. தளம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள்தானே செய்யப் போகிறீர்கள் என்றார்கள். அதற்கென்று ஒரு சதம்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

இலவச மென்பொருள் இருக்கிறதே என்ற தைரியத்தில் இறங்கினேன். திறந்த மூலம் என்பார்கள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இரண்டு கிழமையில் தளம் எழுந்து நின்றது. அதற்குப் பிறகுதான் வினை. வெறும் மென்பொருள் ஒரு மொழியோடு நின்றுவிடும். பல மொழி வேண்டுமென்றால் அதோடு பொருத்திக்கொள்ள ஒரு செருகுநிரல் வேண்டும். அந்தச் செருகுநிரல் இரண்டு விதமாகக் கிடைத்தது. இலவசப் பதிப்பில் இரண்டு மொழி. மூன்றாவது வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கும் பதிப்பு.

இரண்டு மொழி என்றால் எந்த இரண்டு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. சிங்களம், ஆங்கிலம். இந்த மாவட்டத்தில் தமிழ் பேசுகிற நாங்கள் கொஞ்சப் பேர். பஸ் பலகையிலிருந்து ஆஸ்பத்திரித் துண்டு வரைக்கும் மூன்றாவது இடம் பழகிப்போனதுதான். அதுவும் பலகையில் இடம் மிச்சமிருந்தால். கடல் கடந்து எங்கேயோ உட்கார்ந்து, எங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் எழுதிய மென்பொருளும் அதையே சொன்னபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது.

எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. காசு கொடுத்து வாங்கலாமா சேர் என்று கேட்டேன். வெளிநாட்டுக்கு அட்டையில் கட்ட வேண்டும், அந்த அட்டை நிலையத்தில் யாரிடமும் இல்லை, மேலிடத்துக்கு எழுத வேண்டும், அடுத்த வருடத்து மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்லிவிட்டு, கடைசியாக “பலமு” என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். இந்த வயதுக்கு நான் கேட்ட எந்த பலமுவும் பார்த்து முடிந்ததில்லை.

வெறும் வேலை விஷயமாக இருந்திருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேன். என் அக்கா அதில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி ரப்பர் பாதி தேயிலை. அக்கா அங்கே புள்ள காம்பராவில் வேலை செய்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பதினெட்டு வருடமாக ஊரார் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, பீத்துணி அலசி, தொட்டில் ஆட்டியவள். அந்த வருடம் தோட்டத்து ஆபிசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள், சிறுவர் பராமரிப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் இனி காம்பராவில் இருக்க முடியாது, மறுபடியும் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான் என்று. அவள் முழங்கால் இருந்த இருப்புக்கு அந்த மலையை ஏறுவது நடக்கிற காரியமில்லை.

அந்தச் சான்றிதழ் வகுப்பை நடத்துவது எங்கள் நிலையம்தான். வயதெல்லை நாற்பது. அக்காவுக்கு முப்பத்தொன்பது முடிய மூன்று மாதம் இருந்தது, இந்த முறை விட்டால் அடுத்த முறை வயது தாண்டிவிடும். சிங்கள வகுப்பில் சேர்ந்துவிடேன் என்று சொல்லிப் பார்த்தேன். “சிங்களம் வாயில வரும் தம்பி, கையில வராது. பரீட்சையில வாயாலயா எழுதுறது?” என்றாள். தமிழ் வகுப்புத் திறக்க வேண்டுமென்றால் தமிழ்ப் பக்கத்தின் வழியாகப் பதினைந்து விண்ணப்பம் வர வேண்டும், அதுவும் முடிவு திகதிக்குள். பக்கம் எந்த மொழியோ வகுப்பும் அந்த மொழி. பக்கம் இல்லையென்றால் வகுப்பும் இல்லை.

ஆனால் அக்கா சும்மா இருக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை நொண்டி நொண்டியே பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ப் பதினேழு பெண்களைச் சேர்த்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை நகல் எல்லாம் தயார். என் தம்பிதான் அங்க கம்பியூட்டர் மாஸ்டர் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபிசில் யாருமில்லாத நேரம், அந்தச் செருகுநிரலின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பூட்டு ஏதாவது போட்டிருப்பார்கள், புரியாதபடி சிதைத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றுமில்லை. ஒரே ஒரு வரி. மொழிகளின் எண்ணிக்கை இரண்டைத் தாண்டினால் நிறுத்து. அவ்வளவுதான். நானூறு வரிக்கு நடுவில் ஓர் இரண்டு. அதை மூன்று ஆக்கினேன். என் மேசைக் கணினியில் இருந்த நகலில் தமிழ்ப் பக்கம் வந்துவிட்டது. முழுப் பெயர், பிறந்த திகதி, தோட்டத்தின் பெயர் என்று கட்டம் கட்டமாக. “அட, இவ்வளவுதானாடா!” என்று சத்தமாகவே சொன்னேன். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன், இருந்தது.

கூடவே உரிமம் என்று ஒரு கோப்பு இருந்தது. அதையும் படித்தேன். மூல மென்பொருளுக்கு உள்ள அதே உரிமம்தான் இதற்கும். யாரும் மாற்றலாம், மாற்றியதைப் பயன்படுத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காசுப் பதிப்பு என்று விற்பது அந்த ஆளின் உதவிக்கும் உழைப்புக்கும். வயிறு எல்லாருக்கும் இருக்கிறதுதானே. ஆனால் மாற்றக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும் எனக்குப் புரியாத ஆங்கிலம் இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

திங்கட்கிழமை பணிப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். சந்தோஷப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது ஹொர வேலை ஒன்றும் இல்லையே?” என்று சிங்களத்தில் கேட்டார். களவு இல்லை சேர், உரிமத்திலேயே இருக்கிறது என்றேன். “எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க படிச்சவர், நீங்க சரின்னு சொன்னா சரி. போட்டுடுங்க” என்றார்.

அங்கே போட்டிருக்க வேண்டும். அவர் முன்னாலேயே ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் முடிந்தது கதை. என் வாய் சும்மா இருந்ததா? “எதுக்கும் செஞ்சவருக்கு ஒரு மெயில் போட்டு அனுமதி கேட்டுடறேன் சேர்” என்றது. அவருக்கும் நிம்மதி. ஹொந்தயி, அப்படியே செய்யுங்க என்று எழுந்து போனார்.

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட காம்பராக்கள், அதுதான் எங்கள் லயம், அங்கே கேட்காமல் ஒன்றும் செய்ததில்லை. பின்பக்கம் இரண்டு தகரம் போட்டுக் குசினியை நீட்ட வேண்டுமா, தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கடிதம். விழுந்த கிளையை விறகுக்கு எடுக்க வேண்டுமா, அதற்கும் கடிதம். பத்து வயதிலிருந்து லயத்துக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர் கடிதம் கொடுத்துவிட்டு, பதில் வருமுன் மழை வந்துவிட்டதென்று தகரத்தைப் போட்டுவிட்டார். கேட்காமல் போட்டிருந்தால் ஒரு ஏச்சோடு விட்டிருப்பார்களாம். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போட்டது திமிர் என்று ஆள் விட்டுப் பிடுங்கிப் போட்டார்கள். இதைப் பார்த்து வளர்ந்த கைதான் அந்த மெயிலையும் தட்டியது. மேன்மை தங்கிய ஐயா, தங்கள் மேலான அனுமதியைத் தாழ்மையுடன் வேண்டி நிற்கிறேன் என்று ஆங்கிலத்தில். குசினித் தகரத்துக்கு எழுதிய அதே வாசகம்.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் அதைத் தட்டிய கணினியே கொழும்பு நடைபாதையில் வாங்கிய திருட்டு நகல் டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருந்தது. பணிப்பாளருடையதும் அப்படித்தான், ஊரில் முக்கால்வாசியும் அப்படித்தான். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எடுத்துக்கொள் என்று வாசலில் எழுதி வைத்துத் திறந்து போட்ட வீட்டின் முன்னால்தான் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றேன்.

பதில் வரவில்லை. ஒரு கிழமை கழித்து இன்னொரு மெயில் போட்டேன், இன்னும் கொஞ்சம் தாழ்மையாக. அதற்கும் இல்லை. அக்கா இரண்டு நாளுக்கு ஒரு தரம் போன் எடுத்தாள். “வந்துருச்சா தம்பி?” “இன்னும் இல்லக்கா, கேட்டிருக்கேன்.” “யாருகிட்ட கேட்டிருக்க?” “அதைச் செஞ்சவர்கிட்ட.” “பெரிய ஆளா?” “பெரிய ஆள்தான் போல.” “அப்ப நேரம் எடுக்கும்” என்பாள். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள் அல்லவா.

முடிவு திகதி ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் நான்கு மணிக்குத் தளம் தானாகவே மூடிக்கொள்ளும்படி நான்தான் அமைத்திருந்தேன். காலை பத்து மணிக்கு அக்கா புளத்கொகுபிட்டிய டவுனில், போனும் இணையமும் வைத்திருக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து கூப்பிட்டாள். பதினேழு பேரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கடைவாசலில் நிற்கிறார்களாம். “சிங்களமும் இங்கிலீசும்தான் வருது தம்பி, நம்மளது காணல.” “இன்னும் பதில் வரலக்கா. கொஞ்சம் இரு.” பன்னிரண்டுக்குக் கூப்பிட்டாள். இரண்டுக்குக் கூப்பிட்டாள். மாற்றிய கோப்பு மேசையில் தயாராக இருந்தது. ஏற்றிவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் கேட்டாகிவிட்டதே, இனிப் பதில் வராமல் போட்டால் அது திமிராகிவிடுமே என்று என் கை போகவில்லை. மூன்றரைக்கு அவள் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பணிப்பாளர் மேலிடத்துக்குப் பேசிப் பார்த்தார். தமிழ் விண்ணப்பம் பூச்சியம் என்று கணினி காட்டுகிறது, தேவை இல்லாத வகுப்பை எப்படித் திறப்பது என்று கேட்டார்களாம். 

ஒன்பது நாள் கழித்து மெயில் வந்தது. நான்கே வரி. குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தாராம், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டுமாம். என் அனுமதி உங்களுக்குத் தேவையே இல்லை, உரிமம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது, தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், இப்படி யாரும் கேட்பதே இல்லை, கேட்டதற்கு நன்றி என்று ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்திருக்கிறது, பூசாரியும் கொடுத்திருக்கிறான். நான்தான் வாங்கவில்லை.

அன்றைக்கே தமிழ்ப் பக்கத்தை ஏற்றினேன். மூடிய விண்ணப்பத்துக்கு மூன்று மொழியில் அறிவிப்பு.

அக்காவிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். வெளிநாட்டுக்காரன் பதில் போடவில்லை என்று அவள் அவனை ஏசிக்கொண்டிருந்தாள், அப்படியே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை முற்பகல் தோட்டத்துக்குப் போனேன். புள்ள காம்பராவில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள், பாதி தூக்கம். அவள் பால் போத்தல்களைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். வருடக் கடைசியோடு அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று ஆபிசிலிருந்து கடிதம் வந்திருந்தது.

“பதில் வந்துச்சுக்கா.”

“என்ன சொல்றாரு?”

“கேக்கவே தேவையில்லைங்குறாரு.”

போத்தலை வைத்துவிட்டுத் திரும்பினாள். “அப்ப கேக்காமலே போட்டிருக்கலாமா?”

“போட்டிருக்கலாம்.”

“அது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியும். எழுதியிருந்துச்சு. படிச்சேன்.”

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்று, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனவள் அவள்.

“நீயாவது யாருகிட்டயும் போய்க் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்னுதானேடா ஒன்னைய படிக்க வச்சோம்” என்றாள்.