ஜிபிஎஸ் போகவில்லை, தம்பி

எனக்குப் பெயர்ப்பலகை படிக்க வராது. லோடு ஆட்டோவில் தோல் ஏற்றிப் போகும்போது ஃபோன் மேப்பில் அம்புக்குறி காட்டும் பக்கம்தான் திரும்புவேன்.

போன வாரத்திலிருந்து அது கோணலாகக் காட்டியது. ராணிப்பேட்டை சந்துகளில் இரண்டு நாள் சுற்றினேன்.

"இன்னொரு தபா லேட்டானா வேற ஆளைப் போட்டுக்குவேன்" என்றார் முதலாளி.

இன்று காலை ஃபோன் விற்ற கடைக்கே போனேன். கடைக்காரன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஜிபிஎஸ் போயிட்ச்சி பெரியவரே. பழைய டப்பா. புதுசு வாங்கிக்க."

இதே ஃபோனை வாங்கிய அன்று, "கைநாட்டுக்கு எதுக்கு டச் ஃபோன்?" என்று சிரித்தவன் இவன். நீலச் சட்டை போட்டிருந்தான். நான் மறக்கவில்லை.

தோல் உறையிலிருந்து ஃபோனை உருவினேன். அம்பு நேராக நின்றது. உறையில் போட்டேன். மறுபடி கோணிக்கொண்டது.

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். உரக்கவே கேட்டேன்.

"இன்னா தம்பி, போன வாரம் நீ வித்த உறைதானே? மூடியில காந்தப் பட்டன் கீது. அது பக்கத்துல அம்பு எப்படி நேரா நிக்கும்? பை கம்பெனில இருபது வருஷம் இந்தப் பட்டன் அடிச்சவன் நானு."

அதே உறைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அதை வைத்துவிட்டு நடந்தார்.

லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பதிவை ஃபோனிடம் பேசித்தான் போடுகிறேன். அவனிடம் உறை வாங்கியவர்கள் கழற்றிப் பார்த்து, அம்பு நேரானதா என்று கீழே எழுதுங்கள். எனக்குத்தான் படிக்க வராது. அவன் படிப்பான்.