தறிக்குப் போகாத மூன்று நாள்

எங்கள் வீட்டில் கோர்வைப் புடவை நெய்கிறோம்; உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கிற புடவை. உடலுக்கு என் வீட்டுக்காரர் ஊடை நூல் வைத்த நாடாவைத் தள்ளுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நான் தள்ளுவேன். நாற்பத்துநாலு வயதில் என் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை போட்டால் கை அடங்கும், வேலை ஓடும்.

மூன்று வருடம் அப்படிப் போனது. அப்புறம் மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. உடம்பு திடீரென்று கொதித்து ரவிக்கை நனைந்துவிடும். மாத்திரை போட்டும் கை ஆடுகிற நாட்கள் கூடின. கரை கோணிக்கொண்டு போனது. என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். அந்த இடமும் போனால் நான் அந்த வீட்டில் வெறும் நோயாளிதான்.

டாக்டரம்மாவிடம் போனோம். "மாசத்துல எப்போ அதிகமா ஆடும்?" என்று என்னைத்தான் கேட்டார். முந்திக்கொண்டு பதில் சொன்னவர் இவர்.

"முன்னல்லாம் ஆடவே இல்லீங்கம்மா. மாசம் மூணு நாள் ரெஸ்ட் எடுத்துக்கினு நல்லாத்தான் இருந்தா."

எனக்கு வந்ததே கோபம்! விலக்கு நாட்களில் தறியைத் தொடக்கூடாது என்பது மாமியார் வைத்த சட்டம். அந்த மூன்று நாளும் நாத்தனார் வந்து என் இடத்தில் உட்காருவாள். நான் பின்கட்டில் கிடப்பேன். அதற்குப் பெயர் ரெஸ்ட்டாம்.

"அந்த மூணு நாள்தாம்மா ரொம்ப மோசம். மாத்திரைக்கே கேக்காது. டம்ளர்கூட தூக்க முடியாது," என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க அந்தப் பக்கம் வந்தீங்க?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைகிற நாட்களில் சில பெண்களுக்கு நடுக்கம் கூடலாம், மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம், விலக்கு நிற்கப்போகிற வயதில் அந்த ஹார்மோன் ஏறி இறங்கும் என்றார். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, உறுதியாகவும் சொல்ல முடியாது. தினமும் எழுதிக்கொண்டு வாருங்கள், மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

இரண்டு மாதம் கழித்து விலக்கு வந்தது. பழக்க தோஷம், பின்கட்டுக்குப் போய்விட்டேன். இவர் அங்கேயே வந்து நின்றார்.

"தறிக்கு வாம்மா. எவ்ளோ ஆடுதுன்னு நானும் பாக்கணும். எழுதணும்ல."

போய் உட்கார்ந்தேன். நாடா கை நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை அவர் அதை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத வச்சிக்கினா தனியா கெடந்த?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்த மாதிரி நாள்ல தறி நிக்கட்டும். வேற ஆள் வாணாம்."