ரிமோட்டில் கூட்டிய கரண்ட்

குழித்துறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டும் என் கணவருக்குத் தீராத கால்வலி. வலி தெரியாமலிருக்க டாக்டர்கள் நரம்பை ஒட்டி மெல்லிய மின்கம்பி பொருத்தினார்கள். கரண்டை ரிமோட்டில் கூட்டலாம். சில வருடங்களில் வலி திரும்பியது. அவராகவே கூட்டத் தொடங்கினார்.

"டாக்டர்ட்ட கேட்டுட்டுக் கூட்டுங்க."

"பால் குறைஞ்சா ஆழமா வெட்டுவோம்லா? யார்ட்ட கேக்கோம்? நீ போ ட்டி."

ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் வீடுவரை நடந்து வந்தார். கம்பியைச் சுற்றித் தழும்புச் சதை வளர்ந்து கரண்டைத் தடுத்திருக்கிறது, அளவுமீறிக் கூட்டியதில் நரம்பும் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர்.

இப்போது ரிமோட் என்னிடம். டாக்டரைக் கேட்காமல் தொடுவதில்லை. தினமும் அவரைக் கண்மூடச் சொல்லி, பாதத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.

"தெரியுது ட்டி" என்கிறார், நான் தொடுவதற்கு முன்பே.