பென்சில் எழுத்து இல்லாத புத்தகம்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. தமிழைக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன், இலக்கங்கள் தெரியும். இங்கிலீசு தெரியாது. ஆனால் என் மகளுக்குத் தெரியும். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு அறைக்குள் இருந்துகொண்டே பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறாள். கல்யாண வீடுகளுக்குப் போனால், என் மகளுடைய வேலை இந்தத் தெருவில் ஒருவருக்கும் விளங்காது என்று சொல்லிக்கொள்வேன். எனக்கும் விளங்காது என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

மருமகனுக்கும் அதே வேலை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் நிந்தவூரிலிருந்து ஒரு பெட்டி உடுப்போடும் மூன்று பெட்டி புத்தகத்தோடும் வந்தார். ஒரே அறையில் இரண்டு மேசை போட்டோம். தளத்தில் கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் மகளுடைய பங்கு. அதற்குப் பின்னால் மறைவில் நின்று இயங்குவதெல்லாம் அவருடைய பங்கு.

"மாமி, ஒங்கட மகள் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறா. நான்தான் அத்திவாரம் போடுறன்" என்பார்.

"பெயின்ட் அடிக்காட்டி ஒங்கட அத்திவாரத்த ஆரு பாக்க வாற?" என்று அவள் உடனே திருப்பிக் கொடுப்பாள்.

மருமகனுக்கு முன்னால் நின்று சிரிக்கிற பழக்கம் எனக்கில்லை. குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்த மருமகன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மௌத்தாகிவிட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மகள் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மௌத்தானவருடைய உடுப்புகளை ஏழைகளுக்குச் சதக்காவாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். "நீங்களே பாத்துக் குடுங்க உம்மா, என்னால தொட ஏலா" என்று அவள் சொன்னாள். அவள் சொன்னது உடுப்பைத்தான். நான் புத்தகங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். தூரத்தில் ஒரு அனாதைப் பிள்ளைகள் வீட்டுக்கென்று ஒருவர் சாமான் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். கல்வி ஆயிற்றே, கபுறில் கிடக்கிறவருக்கு அந்த நன்மை போய்க்கொண்டே இருக்கும் என்று நினைத்தேன்.

பழுதில்லாமல் சுத்தமாக இருந்த இரண்டு புத்தகத்தை மகளுக்கென்று எடுத்து அலுமாரியில் வைத்தேன். எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்று இருந்தது. அதன் பக்க ஓரமெல்லாம், வரிக்கு நடுவிலெல்லாம் அவர் பென்சிலால் எழுதி நிரப்பியிருந்தார். என் காலத்தில் எழுதி நிரம்பிய கொப்பி என்றால் முடிந்துபோன கொப்பி. இதுவும் முடிந்துபோன புத்தகம் என்று நினைத்து, அதை முதலாவதாகப் பெட்டிக்குள் வைத்தேன்.

இரண்டு மாதம் போனது. இரண்டு பேரும் தளம் செய்து கொடுத்த வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஹோட்டல் அறைகளை வாடகைக்கு விடுகிற ஆட்கள். நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள். கணவருடைய பங்கையும் நீங்களே பார்க்க முடியுமா, இல்லாவிட்டால் வேறு ஆளைத் தேடட்டுமா என்று கேட்டிருந்தார்கள். ஒன்றரை மாதம் தவணை.

"அவர் கட்டினத இன்னொருத்தன்ட கையில குடுக்க மாட்டன்" என்றாள் மகள். பிறகுதான் கேட்டாள். "அவர்ட பெரிய பொத்தகம் எங்க உம்மா?"

"அலுமாரியில ரெண்டு வெச்சிரிக்கன், பாரு."

"அதில்ல. பென்சிலால எழுதினது."

"அனாதப் புள்ளைகளுக்குக் குடுத்துட்டன் மகள்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அனாதைப் பிள்ளைகள் வீட்டுக்கு நானே கோல் எடுத்தேன். இங்கிலீசுப் புத்தகம் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது, பழைய பேப்பரோடு விற்று அரிசி வாங்கினோம், உங்கள் மருமகனுக்கு துஆ கேட்டோம் என்றார்கள். அவர்களை என்ன சொல்ல?

மூன்றாம் நாள் மகள் சொன்னாள். "புதுசா ஒண்டு வாங்கணும் உம்மா. நான் வெளிய போக ஏலா. நீங்கதான் போகணும்."

"அந்தக் கம்பியூட்டர் பொட்டிக்குள்ள இல்லாததா மகள்?"

"இரிக்கி. துண்டு துண்டா இரிக்கி. ஒரு சந்தேகத்துக்கு மறுமொழி எடுக்கலாம். முழுசா விளங்கணுமெண்டா, ஒரு ஆள் இருந்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எழுதினது வேணும்."

ஒரு தாளில் மூன்று இங்கிலீசுச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பக்க இலக்கம் போட்டிருக்கும் என்றாள். இந்த மூன்று சொல்லும் இல்லாத புத்தகம் வேண்டாம். ஒரே ஒரு இலக்கம் இருந்தால் அதுவும் மேலோட்டம். நிறைய இலக்கம் இருக்கிற புத்தகம்தான் ஆழமானது. முதல் சொல் என்ன என்று கேட்டேன். "கடைசியா இரிக்கிற ஒரு ரூமை ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா ஆருக்குக் குடுக்கிற? அதப் பத்தினது" என்றாள். அவ்வளவு எனக்கு விளங்கியது.

கல்முனையில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கெம்பஸ் பிள்ளைகளுக்கென்று கம்பியூட்டர் புத்தகம் கொஞ்சம் வைத்திருந்தார். மகள் போனில் இருந்தாள்.

"என்ன ராத்தா, பேரனுக்கா? இதக் கொண்டு போங்க. படம் நிறைய இரிக்கி, லேசா விளங்கும்."

"லேசா விளங்கிறது எனக்குத் தேவையில்ல தம்பி. என்ட மகளுக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். வெப்சைட் எண்டா என்னெண்டு சொல்லிக் குடுக்கிற பொத்தகத்த அங்கால வைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப ராத்தாக்கும் இதெல்லாம் நல்லா விளங்கும் போல."

"விளங்காமலா பஸ் ஏறி வந்திரிக்கன்?"

போனுக்குள் மகள் சிரித்துவிட்டாள். மருமகன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகிவிட்டது. கடைக்காரருக்குக் கேட்கக் கூடாதென்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பி நின்றேன்.

"போனத் தாங்க ராத்தா, நானே கேட்டுச் சொல்றன்."

"அவ இத்தாவுல இரிக்கா. அந்நிய ஆம்புளையோட கதைக்கப்படா. எனக்கிட்டச் சொல்லுங்க." தேவைக்குக் கதைக்கலாம் என்று பிறகு ஒருவர் விளக்கினார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

அவர் ஒரு கதிரையைப் போட்டுத் தந்தார். மூன்று புத்தகத்தை முன்னால் வைத்தார். சொல் எங்கே இருக்கும் என்று தேடித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மகளுடைய தாளை மடியில் விரித்து, பட்டியலின் முதல் வரியிலிருந்து விரல் வைத்து, எழுத்தின் உருவத்தோடு உருவத்தைப் பொருத்திக்கொண்டு வந்தேன். படம் நிறைந்த புத்தகத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டாவதில் ஒரு சொல் இருந்தது, ஒரு இலக்கத்தோடு. மூன்றாவதில் மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இலக்கங்கள் வரி நிறைய, அதற்குக் கீழேயும் சின்னச் சின்னதாக வேறு வரிகள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எனக்குக் கண் நீர் வடிந்துகொண்டிருந்தது, தேடிய களைப்பில்.

அந்த இலக்கங்களில் ஒன்றை எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள் மகள். கடைக்காரர் என் போனிலேயே பிடித்து அனுப்பினார். "இதுதான் உம்மா. இத எழுதின ஆள் வேல செஞ்சு அடிபட்ட ஆள்" என்றாள்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்ன கிதாபு என்று கேட்டாள். "இது படிச்ச ஆக்களுக்குரியது" என்றேன்.

மகள் காலையில் தொடங்கினால் பகல் லுஹர் தொழுகை வரைக்கும் வாசிப்பாள். பிறகு அவருடைய பங்கைத் திரையில் திறந்து புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். நான் தேநீர் கொண்டுபோனால், "இஞ்ச பாருங்க உம்மா, இதுக்குத்தான் இவர் இப்பிடிச் செஞ்சிரிக்கார்" என்று எனக்குக் காட்டுவாள். நான் ஓம் ஓம் என்பேன். அவருடைய வேலை நாளுக்கு நாள் அவளுக்கு விளங்கியது. முகத்தில் கொஞ்சம் வெளிச்சமும் வந்தது. என் பிழையை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று நினைக்கத் தொடங்கினேன்.

ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டாள். ஒருவர் காசு கட்டாமல் போன பிறகும் அந்த அறையைக் கொஞ்ச நேரம் வேறு ஆளுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும்படி அவர் செய்திருந்தாராம். சில அறைகளுக்கு மட்டும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தாள், தளம் பிழையாக ஓடியது. அப்படியே விட்டால் மற்ற எதையும் மாற்ற முடியவில்லை. ஒன்பது நாள் அந்த இடத்திலேயே கிடந்தாள்.

"பொத்தகத்துல இல்லையா மகள்? நான் எடுத்தது பிழையா?"

"பொத்தகம் திறம் உம்மா. இதவிட நல்லது கிடைக்காது. ஆனா அது எல்லாருக்கும் எழுதினது. இவர் இந்த இடத்துல ஏன் இப்பிடிச் செஞ்சாரெண்டு இவர்தானே சொல்லணும். ஒரு நாள் அவர்ட பொத்தகத்து ஓரத்துல எழுதிக்கொண்டிருந்தார். நான் என்னெண்டு கேட்டன். பொறகு வாசிச்சுப் பாரு எண்டார்."

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். என்னுடைய பங்கை நான் தொடர்ந்து செய்வேன், கணவருடைய பங்கை வேறு ஒருவரிடம் கொடுங்கள், அவருடைய குறிப்புகள் இருந்த புத்தகம் தொலைந்துவிட்டது என்று எழுதியிருந்தாள்.

"தொலையல்ல மகள். உம்மா குடுத்துட்டா எண்டு எழுது."

"அது எதுக்கு அவங்களுக்கு?"

"பொய் எழுதாத. எழுது எண்டு சொல்றன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி, ஒரு சொல்லும் மாற்றாமல், அதை அனுப்பிவிட்டாள்.