பதினான்காம் எண் பொத்தான்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில். மதியம் 2:17.

குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்பவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அபாயப் பொத்தானுக்கு நிரல் எழுதுவது என் வேலை. உள்ளே சிக்கிக்கொண்டால் அழுத்த வேண்டும். வாசலில் இருக்கும் பலகை மணியடித்து, யாருடைய பொத்தான் என்று எண்ணைக் காட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் அழியாத நினைவகத்தில்தான் அந்த எண் இருக்கிறது. ஆனால் தினமும் வேலைக்கு மாட்டும்போது அதைப் புதிதாகப் பதியும் நொடியில் மின்சாரம் தடுமாறினால் பழையதும் போகும், புதியதும் ஏறாது. எண் இல்லாத அழைப்பைப் பலகை காதில் போட்டுக்கொள்ளாது.

எண்ணை இரண்டு இடத்தில் பதிவோம், புதியது சரியாக ஏறிய பிறகு பழையதை அழிப்போம் என்று மேலாளரிடம் மூன்று முறை சொன்னேன். இரண்டே நாள் வேலை.

"இப்போ யாரு செத்துட்டாங்க?" என்றார்.

செத்தார். கிடங்கில் எல்லோரும் மீசைக்காரர் என்று கூப்பிடும் மனிதர். கதவு திறக்கவில்லை. பலகை அடிக்கவில்லை. அவர் கழுத்தில் இருந்தது பதினான்காம் எண்.

மூன்றாம் நாள் அவர் மனைவி எங்கள் அலுவலக வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் அழுத்தவே இல்லன்னு சொல்றாங்களே. உண்மையாம்மா?"

"பார்த்துட்டு வந்து சொல்றேன்க்கா," என்றேன்.

அன்று மதியம் மீசைக்காரரின் பொத்தானைப் பிரித்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு நினைவகம் முழுவதையும் நகலெடுத்தேன். எண் இருக்க வேண்டிய இடம் வெறுமை. மேலாளர் ஒரு தாளை நீட்டினார். கருவியில் குறையில்லை, இறந்தவர் அழுத்தவில்லை என்று அதில் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையெழுத்து வேண்டுமாம்.

2:09. பொத்தானை நகர்த்தத் தொட்டேன். சில்லென்றிருந்தது. சன்னல் வெயிலில் கிடந்த பொருள்.

2:14. அதன்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்தது... உறைபனி.

மேலாளர் ஏசியைக் குறைக்கச் சொன்னார். ஏசி ஓடவே இல்லை.

2:17.

டிட்.

சுவரில் இருந்த சோதனைப் பலகை மின்னியது. 14.

"விளையாடாத," என்றார்.

பேட்டரி என் உள்ளங்கையில் இருந்தது. விரித்துக் காட்டினேன்.

டிட்... டிட்...

பொத்தானின் சிவப்புக் குமிழ் தானாக அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது.

யாரும் தொடவில்லை.

முதலில் வேகமாக.

பிறகு மெதுவாக...

பிறகு...

2:41. நின்றது.

மேலாளர் சுவரோடு ஒட்டி நின்றார். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. தாளை நான்காகக் கிழித்தேன். "இப்ப கேட்டுச்சா?" என்றேன்.

மறுநாள் அவர், பலகையில் கோளாறு என்று எழுதிக்கொண்டார். அதே நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்.

பலகையின் பதிவைப் பார்த்தேன். அந்த இருபத்து நான்கு நிமிடத்தில் வந்த அழைப்புகள் 143.

பிறகுதான், மணி அடிக்கும் முன்பே நான் எடுத்து வைத்திருந்த நகலை முழுதாகப் படித்தேன். பொத்தானை வேலைக்கு மாட்டும் ஒவ்வொரு நாளும், எத்தனை முறை அழுத்தினார்கள் என்ற கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கி வேறொரு மூலையில் பதியும். எண் அழிந்திருந்தது. அந்தக் கணக்கு அழியவில்லை.

மீசைக்காரரின் வீட்டுக்கு நானே போனேன்.

"அழுத்தினாரு அக்கா," என்றேன். "நூத்தி நாப்பத்தி மூணு தடவை."