ஜப்பான்காரரின் ‘போட்டு வாறன்’

ஜப்பான்காரரும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தனியே நின்று சிரித்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பான் நாடகத்தில் ஒரு கணவன் காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே ‘இத்தெகிமாஸ்’ என்றான். கீழே ஆங்கிலத்தில் ஏதோ மொட்டையாக ஓடியது. நம்பிக்கையில்லாமல் போனில் தேடிப் பார்த்தேன். போய், வருகிறேன். இரண்டு வினையும் அப்படியே இருந்தன. எங்கள் பக்கத்தில் யாராவது வாசலில் நின்று ‘போறன்’ என்று சொல்லிவிட்டால், வீட்டிலிருப்பவர்கள் பாய்ந்து விழுவார்கள். “போறன் எண்டு சொல்லாத, போட்டு வாறன் எண்டு சொல்லு.” எங்கேயோ கிடக்கும் ஒரு தேசத்தில் சனங்கள் எங்களைப் போலவே பயந்துகொண்டுதான் படியிறங்குகிறார்கள் என்பது எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

ஆள் இல்லை. உயிலங்குளத்தில், வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் புது வீடு. அவர் கட்டாரில் ஏசி திருத்துகிறார். கல்யாணம் முடிந்து நாலாம் மாதம் விமானம் ஏறினார். மாமி தன்னுடைய மூத்த மகளோடு வவுனியாவில் இருக்கிறா. என்னுடைய அம்மாவும் அப்பாவும் பெரியமடுவில் வயலோடு மல்லுக்கட்டுகிறார்கள். நான், மூன்று அறைகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி. அது இரைந்துகொண்டிருக்கும். அதுவும் நின்றுவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

கல்யாணத்துக்கு முன்பு நான் மன்னார் டவுனில் ஒரு தனியார் லாப்பில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நரம்பு பிடிப்பதில் எனக்குக் கைராசி இருந்தது. வெயிலிலும் உப்பிலும் தோல் தடித்துப்போன கடற்றொழில் ஐயாமார் வந்தால், “அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ” என்பார்கள். விடிய வெள்ளன முதல் பஸ்ஸில் பாலம் கடந்து போய், வெறும் வயிற்றோடு வரிசையில் இருப்பவர்களுக்கு முன்னால் கையுறையை மாட்டும்போது, நானும் ஒரு ஆள்தான் என்று இருக்கும்.

கல்யாணப் பேச்சுக்கால் முடிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நானும் வெளிநாட்டில. நீரும் வேலைக்குப் போனா வீடு பூட்டியெல்லோ கிடக்கும்.”

இதைச் சிரித்துக்கொண்டு தட்டிவிட என்னால் முடியவில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அவருடைய அப்பா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். வருசக்கணக்கில் முகாம் முகாமாகத் திரிந்து திரும்பிப் போனால் கூரை இல்லை, கதவு இல்லை, நிலையும் இல்லை. திறப்பு மட்டும் மடியில் இருந்தது. பூட்டின வீடு என்றால் அவருக்குப் பழைய பயம். நானும் சரி என்றேன். வேலையை விடுவது அவ்வளவு பெரிய விசயம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாளன்று லாப்பில் கேக் வெட்டினார்கள். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா, டவுன்காரி, தேவாலயத்துக்குப் போவதற்கு உடுத்துகிற சேலையில் வந்திருந்தா. எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள். வேலையை விட்டு வீட்டில் இருக்கப் போகிறவளுக்கு மணிக்கூடு! நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு, வழக்கமாகப் பின்னேரம் சொல்வதைப் போலவே சொன்னேன்.

“அப்ப நான் போட்டு வாறன்.”

“எங்கயடி வாறது? நீ இனி வரமாட்டாய்தானே” என்றா அக்கா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் பாலத்தில் ஏறியதும்தான் அழுகை வந்தது. மடியில் இருந்த மணிக்கூட்டுப் பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அவர் கட்டாருக்குப் போகும்போது வாசல் ஆமைப்பூட்டின் மூன்று திறப்புகளில் ஒன்றைக் கழற்றித் தன்னுடைய பையில் போட்டார்.

“பாலைவனத்தில இதால எதைத் திறக்கப் போறியள்?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும்” என்றார்.

நாடகம் பார்க்கிற பழக்கம் லாப்பில் இருந்த ஒரு தங்கச்சியால் வந்தது. அவள்தான் என் போனில் அதற்கான செயலியைப் போட்டுத் தந்தவள். இந்தியத் தொடர்களில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அங்கே மருமகள் பட்டுச் சேலையும் ஆரமும் போட்டுக்கொண்டு நித்திரை கொள்வாள். மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் கமரா மூன்று தரம் முகத்தில் போய் மோதும், இடிச்சத்தம் கேட்கும். எனக்குச் சண்டை பிடிக்க மாமியாரே வீட்டில் இல்லை. ஜப்பான் நாடகத்தில் சத்தமில்லை. ஒரு பெண் பாத்திரத்தை மூடி வைக்கிறாள், கதிரையில் இருக்கிறாள், குளிர்சாதனப் பெட்டி இரைகிறது. என் வீட்டுச் சத்தம் அப்படியே அதற்குள் இருந்தது. பத்துப் பதினொரு பகுதியில் கதையும் முடிந்துவிடும்.

அங்கேயும் பெண்கள் கல்யாணத்துக்காக வேலையை விடுகிறார்கள். வேலை செய்த கந்தோரில் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டுவார்கள். கை நிறையப் பூங்கொத்து கொடுப்பார்கள். அவள் இடுப்பு வரை குனிந்து நன்றி சொல்லுவாள். பார்க்கிறவளுக்கு அது பரிசளிப்பு விழாவா, செத்தவீடா என்று தெரியாது. முப்பது வயதாகியும் கல்யாணம் கட்டாமல் வேலை செய்கிறவளைப் பார்த்து இளம் பெண்கள் கண்ணைக் காட்டிச் சிரிப்பார்கள். கட்டியவள் விடியக் காலையில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் முட்டைப் பொரியலை உருட்டி உருட்டி அடுக்குவாள். கணவன் அதைத் தூக்கிக்கொண்டு ‘இத்தெகிமாஸ்’ என்பான். அவளும் ‘போய் வா’ என்று அதற்குள்ள சொல்லைச் சொல்லுவாள். பின்னேரம் திரும்பி வந்தவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு ‘ததாய்மா’ என்பான். இப்போதுதான் என்று அர்த்தம், இப்போதுதான் வந்தேன். அவள் உள்ளே இருந்து ‘ஒகாயெரி’ என்பாள். திரும்பி வந்தீரே என்று.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். போகிறவருக்குச் சொல்ல எங்களுக்கும் சொல் இருக்கிறது. போட்டு வாறன், போட்டு வாங்கோ. வந்தவர் சொல்லவும் வந்தவருக்குச் சொல்லவும் நாள்தோறும் மாறாத ஒரு சொல் எங்களுக்கு இல்லை. வந்தவரைப் பார்த்துத் “தேத்தண்ணி குடிக்கிறியளோ” என்று கேட்போம். அதுவும் கேட்க ஆள் வேண்டும். கடைக்குப் போய் வந்து, ஆமைப்பூட்டைத் திறந்து, மரக்கறிப் பையோடு வாசலில் நின்றபடி ஒருநாள் நான் சொல்லிப் பார்த்தேன். “வந்திட்டன்.” என் குரல் விறாந்தைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்து வளவில் யாராவது கேட்டிருப்பார்களோ என்று எட்டிப் பார்த்தேன். கேட்டிருந்தால் நல்லது என்றும் இருந்தது.

ஒரு நாடகத்தில் கணவன் வந்து ‘ததாய்மா’ என்கிறான், அவள் பதில் சொல்லவில்லை. மேசைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் இன்னொரு தரம் சொல்லவில்லை, குளிக்கப் போய்விடுகிறான். அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று இரண்டு பகுதி காத்திருந்தேன். கடைசியில் நானே அவளுக்காக ‘ஒகாயெரி’ என்று சொல்லிவிட்டேன், சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என் வீட்டில், பகல் ஒரு மணிக்கு. அன்றைக்கு எனக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இல்லத்தரசிக்கு அவர்கள் எழுதுகிற எழுத்தில் தலைவர் என்ற பொருளும் இருக்கிறதாம். நாங்களும் அரசி என்றுதான் சொல்கிறோம். பட்டம் கொடுப்பதில் இரண்டு நாடும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. குடும்ப விபரம் எடுக்க வந்த அலுவலர் என் விறாந்தைக் கதிரையில் இருந்து தொழில் என்ன என்று கேட்டார்.

“முந்தி லாப்பில வேலை செய்தனான்.”

“இப்ப?”

“இப்ப வீட்டில.”

“அப்ப சும்மாதான் இருக்கிறியள்” என்று அந்தக் கட்டத்தில் நீட்டாக ஒரு கோடு இழுத்தார். நல்ல மனிதர்தான். தேத்தண்ணி நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றரை வருசம் அப்படிப் போனது. ஒருநாள் லாப் அக்கா எனக்குப் போன் எடுத்தா. நாடகத்தை அறிமுகம் செய்த தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, அவள் இனி வரமாட்டாள்.

“நீ வாறியோ?” என்றா.

“நான் விட்டிட்டுப் போனனான் அக்கா.”

“போட்டு வாறன் எண்டுதானே சொல்லிட்டுப் போனனீ.”

யோசிக்க மூன்று நாள் கேட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை, அவரிடம் கேட்கத்தான் மூன்று நாள். அவர் பின்னேரத்தில் வீடியோவில் வருவார். முதல் இரண்டு நாளும் மழையைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவருக்குப் பின்னால் அவருடைய அறையின் மாடிக் கட்டில்களும் யாரோ காயப்போட்ட துவாயும் தெரிந்தன.

“இஞ்ச ஒரு அறையில ஆறு பேர். நீர் வீட்டில இருக்கிறீர் எண்டு நினைச்சாத்தான் எனக்கும் ஒரு வீடு இருக்குது எண்டு தெரியும்” என்றார்.

“நான் வேலைக்குப் போட்டு அதே வீட்டுக்குத்தானே வரப்போறன்.”

“உம்மட விருப்பம்.”

உம்மட விருப்பம் என்பது எங்கள் ஆண்கள் சம்மதிக்காமலே சம்மதிக்கிற சொல். பிறகு ஏதும் பிழையாகப் போனால் அது உன்னுடைய விருப்பம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். அடுத்த நாள் அக்காவுக்கு வாறன் என்றேன்.

முதல் நாள் காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், அவருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். “போட்டு வாறன்.” பின்னேரம் வந்து பூட்டைத் திறந்துவிட்டு இன்னொன்று. “வந்திட்டன்.” பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. அடுத்த நாளும் அனுப்பினேன். அடுத்த கிழமையும் அனுப்பினேன். வீடியோவில் வருவது கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. சாப்பிட்டீரோ என்று கேட்பார், நான் என்ன கறி என்று சொல்லுவேன். லாப்பைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. என் கைராசி அப்படியே இருந்தது, ஐயாமார் என்னைத் தேடி வந்தார்கள், அக்கா மத்தியானம் மீன் பொரியலில் பாதியைத் தந்தா. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, வேலைக்குப் போனதால் நான் வீட்டைத்தான் பூட்டினேனா, அவரையும் சேர்த்துப் பூட்டிவிட்டேனா என்று யோசித்துக்கொண்டு வருவேன்.

ஆறு மாதம் கழித்து அவர் லீவில் வந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து சேருவேன் என்று சொல்லியிருந்ததால் நான் அரைநாள் லீவு போட்டு, மத்தியானம் வந்து சமைப்பதாக இருந்தேன். அவருக்குக் கொழும்பில் முந்திய பஸ் கிடைத்துவிட்டது. நான் வளவுக்குள் ஏறும்போது ஆமைப்பூட்டு நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. பெட்டிகள் விறாந்தையில் அப்படியே இருந்தன. அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மணிக்கூட்டுக்குக் கீழே கதிரையில் இருந்தார். கையில் அந்தத் திறப்பு.

வாயில் பழகிய சொல்தான் வந்தது.

“வந்திட்டன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் நன்றாகக் கறுத்து, மெலிந்திருந்தார்.

“பூட்டைத் திறந்து உள்ளுக்க வரேக்க ஒரு மாதிரித்தான் இருக்குது” என்றார். “ஒரு சத்தமும் இல்ல. ஃபிரிட்ஜ் மட்டும் இரையுது.”

“நான் ரெண்டு வருசமா அப்பிடித்தான் திறக்கிறன்” என்றேன். “வேலைக்குப் போக முந்தியும் அப்பிடித்தான். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பூட்டிட்டுத்தான் போறனான். வந்து நான்தான் திறக்கிறனான்.”

கோபமாகச் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது. அவர் எழும்பி வந்து என் கையிலிருந்த பையை வாங்கினார். “தேத்தண்ணி குடிக்கிறீரோ?” என்று கேட்டார்.

அந்த லீவு முழுவதும் பின்னேரத்தில் நான் வளவுக்குள் ஏற, விறாந்தையில் ஒரு ஆள் இருந்தது. “வந்திட்டீரோ” என்பார். முதல் நாள்களில் வெட்கப்பட்டுச் சொன்னார், பிறகு பழகிவிட்டது. நாடகம் பார்க்கவே எனக்கு நேரம் இருக்கவில்லை. தேய்வது தெரியாமல் நாற்பது நாள் தேய்ந்தது.

அவர் திரும்பிப் போன காலையில் எனக்கும் வேலை. லீவு கேட்டிருக்கலாம். அவர் போய்விட்ட வீட்டுக்குள் நாள் முழுவதும் இருக்கப் பயந்து, கேட்கவில்லை. பெட்டிகளைப் படியில் இறக்கினோம். அவரே கதவைச் சாத்தி ஆமைப்பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, தன்னுடைய திறப்பைப் பையில் வைத்தார். நான் என்னுடையதை வைத்தேன். இரண்டு பேரும் பழக்கதோசத்தில் கதவின் பக்கம் திரும்பி, ஒரே நேரத்தில் சொன்னோம்.

“போட்டு வாறன்.”

உள்ளே ஒருவரும் இல்லை.